மருந்தாளுநரை மருத்துவக் குழுவில் சேர்க்கிறீர்களா? பயிற்சியை இப்படித் தொடங்குங்கள்

ஆரம்ப சுகாதாரக் குழுவுக்கு மருந்தாளுநரைத் தயார்படுத்தச் சொன்னால் பலரும் மருந்தியல் பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், மருந்து அவருக்கு நன்றாகவே தெரியும். கவுன்டருக்குப் பின்னால் நின்று சீட்டை வாங்கி மாத்திரை எடுத்துக் கொடுத்தே பழகியவர், நோயாளியின் எதிரே உட்கார்ந்து, அவர் வீட்டில் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டறிந்து, தேவைப்பட்டால் டாக்டரிடம் பேசி அதை மாற்றவைக்க வேண்டும். பழக்க வேண்டியது இதைத்தான்.

முதல் ஒன்றிரண்டு வாரம் அவரைத் தனியாக உட்காரவைக்காதீர்கள். வரவேற்பு மேசை, நர்ஸ், டாக்டர் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் இருந்து பார்க்கட்டும். அதே சமயம் குழு கூடி, எந்த மருந்தின் அளவை அவரே மாற்றலாம், எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும், எந்தப் பரிசோதனைக்கு அவரே எழுதித் தரலாம் என்பதைச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் எழுத்தில் வைத்துவிடுங்கள். நோயாளியின் பதிவேட்டைப் பார்க்கவும் அதில் எழுதவும் அவருக்கு அனுமதி இருக்க வேண்டும், இல்லையென்றால் மற்ற எல்லாம் வீண்.

அப்புறம் உண்மையான நோயாளிகள். வீட்டிலிருக்கும் மருந்து அத்தனையையும் பையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். பையை மேசையில் கொட்டினால்தான் விஷயம் வெளியே வரும். பதிவேட்டில் ரத்த அழுத்தத்துக்கான எனாலாப்ரிலும் ஹைட்ரோகுளோரோதயசைடும் மட்டும் இருக்கும், பையிலோ முழங்கால் வலிக்குத் தானே வாங்கிய டைக்ளோஃபெனாக் அட்டை பாதி காலியாகக் கிடக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம் என்று மருந்தாளுநர் படித்திருப்பார், ஆனால் அதைப் பையில் பார்த்துக் கண்டுபிடிப்பது வேறு திறமை. ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு அட்டையாக இருப்பதும் இப்படித்தான் தெரியவரும்.

கேள்வி கேட்கும் விதத்தில் நிறைய நேரம் செலவிடுங்கள். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எல்லாருக்கும் விட்டுப்போறதுதான், போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பதில் மாறும். விளக்கம் சொல்லி முடித்ததும் நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான், அதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். அதனால் "புரியுதா?" என்று கேட்டுத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு அனுப்பக் கூடாது, எந்தக் கிழமை சாப்பிடப் போகிறார் என்று அவரே சொல்லட்டும். இன்ஹேலரும் அப்படியே: பேச்சைவிட, கையில் கொடுத்து இழுத்துக் காட்டச் சொல்வதுதான் பயிற்சி.

டாக்டரிடம் பேசுவதுதான் பலருக்கும் பெரிய தயக்கம். "டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கு ஆபத்து" என்று மட்டும் எழுதி அனுப்பினால், அடுத்தடுத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் அதை வைத்து என்ன செய்வார்? நிலைமை, பின்னணி, தன் கணிப்பு, பரிந்துரை என்ற வரிசையில் நாலு வரி போதும். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், கிரியேட்டினினும் பொட்டாசியமும் இப்போதே பார்க்கலாம்." (இரண்டும் சிறுநீரகம் பாதித்திருக்கிறதா என்று அறிய உதவும் ரத்தப் பரிசோதனைகள்.) தவறாகிவிடுமோ என்ற பயத்தில் பரிந்துரையை விட்டுவிடுபவர்களே அதிகம், அதைத் தினமும் சொல்லிச் சொல்லித்தான் மாற்ற வேண்டும்.

அவசரப்படாதீர்கள். இங்கிலாந்தில் 2015-இல் பொதுமருத்துவர் நிலையங்களில் மருந்தாளுநர்களைச் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் 18 மாதப் பயிற்சியும் அதோடு வந்தது. இரண்டு நாள் பட்டறையில் இது வராது. ஒரு மூத்தவர் வாரந்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவர் டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது, இருவருக்குள்ளும் நம்பிக்கை அங்கேதான் வளரும்.

குழுவுக்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். யாரை இவரிடம் அனுப்பலாம் என்று வரவேற்பில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் மாத்திரை வாங்க வருபவர்கள் மட்டுமே வந்து நிற்பார்கள்.

இன்னொன்று, பார்த்த நோயாளியைத் தொடர்வது. அந்த முழங்கால் வலிக்காரரை ஒரு வாரம் கழித்து மருந்தாளுநரே கூப்பிடட்டும்: வலி எப்படி இருக்கிறது, மீதி டைக்ளோஃபெனாக் அட்டையை என்ன செய்தார், ரத்தப் பரிசோதனைக்குப் போனாரா. பதிலைப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் அடுத்த பை.