8 ஜிபி ரேம் இருந்தும் கணினி குறைத்துக் காட்டினால்

புது ரேம் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், கணினி காட்டும் கணக்கில் எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அந்தக் குறைவின் அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைச் சொடுக்கினால், ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ (வன்பொருளுக்கென ஒதுக்கிய ரேம்) என்ற எண் கீழே தெரியும். 8 ஜிபியில் 7.8 ஜிபி பயன்படும் என்று காட்டினால் அது கோளாறே அல்ல. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், திரைக்காட்சிக்கென ரேமிலிருந்தே ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. ரைசன் பிராசஸர் உள்ள சில கணினிகளில் இந்தப் பங்கு 2 ஜிபி வரை போவதுண்டு. பல மதர்போர்டுகளின் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

3.2 அல்லது 3.5 ஜிபி மட்டுமே பயன்படுகிறது என்றால், அது 32 பிட் விண்டோஸா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸால் 4,294,967,296 பைட்டுகளுக்கு, அதாவது 4 ஜிபிக்கு மேல் கையாள முடியாது. அந்த 4 ஜிபியிலும் ஒரு பகுதி மற்ற சாதனங்களுக்குப் போய்விடும். பிராசஸர் ஏற்குமானால் 64 பிட் விண்டோஸை நிறுவுவதே தீர்வு. வேகத்தில் தெரியும் வித்தியாசத்துக்கும் பதற வேண்டாம்: 3200 என்று அச்சிட்ட ரேமை, கணினியின் பாகங்களைக் காட்டும் சிபியு-இசட் என்ற மென்பொருள் 1600 என்று காட்டுவது சரியான கணக்குதான், ஏனெனில் டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவை அனுப்புகிறது.

சரிபாதி குறைந்தால்தான் கவனம் வேண்டும். முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள். அங்கே முழு அளவும் தெரிந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற அமைப்புக் கருவியில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘மேக்சிமம் மெமரி’ டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பயாஸிலேயே பாதி என்றால் கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

குளச்சலில் கடலைப் பார்த்த சன்னலருகே வைத்திருந்த ஒரு கணினியை அப்படித் திறந்தேன். இரண்டு 4 ஜிபி ரேம்களில் ஒன்றின் பொன்னிற முனைகள் மங்கி, அவற்றின் மேல் வெளிறிய படலம் படர்ந்திருந்தது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், அதுவும் கடலோர வீடுகளில், உப்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை இது.

மின்இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் முனைகளைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் கிளிப் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். அழிப்பானால் தேய்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. அழுத்தித் தேய்த்தால் பொன்முலாம் போய்விடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அப்போதும் பாதியே காட்டினால், ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்து, ரேம் பொருத்தும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்; பிறகு மற்ற ரேமுக்கும் அவ்வாறே செய்யுங்கள். எந்த ஸ்லாட்டிலும் தெரியாத ரேம்தான் பழுதானது. இரண்டு ரேமும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் தெரியாமல் போனால் பழுது ஸ்லாட்டில் இருக்கிறது. மதர்போர்டு ஏற்குமானால், நல்ல ஸ்லாட்டில் ஒற்றை 8 ஜிபி ரேமைப் போட்டே கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.