லில்லியன் கிஷ்ஷைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் நாடகக் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் "யார் யாருடைய படங்களைப் பார்க்கணும்?" என்று கேட்டால் நான் பட்டியல் தருவதில்லை. ஒரே ஒரு நடிகையின் பெயரைச் சொல்லி, அவரைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பாருங்கள் என்பேன். அவர் லில்லியன் கிஷ். 1893-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மாவும் இரண்டு பெண்களும் பிழைப்புக்காக மேடையேறினார்கள். ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளில்தான் சிறுவயது கழிந்தது. 1912-ல் முதல் படம், 1987-ல் கடைசிப் படம். நூறு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, 1993-ல் இறந்தார். சினிமா நடிப்பு என்ற ஒன்று உருவாகி வளர்ந்த காலம் முழுவதையும் ஒரே உடம்பில் பார்க்க வேண்டுமென்றால் இவரைவிட நல்ல ஆள் கிடையாது. எந்த வரிசையில், எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வரிசைப்படி 1912-லிருந்து தொடங்காதீர்கள். மௌனப் படம் பழகாத கண்ணுக்கு அது அலுப்பாகிவிடும், பாதியில் விட்டுவிடுவீர்கள். 1955-ல் வந்த 'தி நைட் ஆஃப் தி ஹன்ட்டர்' படத்திலிருந்து தொடங்குங்கள். நடிகர் சார்ல்ஸ் லாட்டன் இயக்கிய ஒரே படம் அது. அதை எடுப்பதற்கு முன் அவர் பழைய மௌனப் படங்களைப் போட்டுப் பார்த்தார். அந்தப் படங்களில் இருந்த கிஷ்ஷையே ரேச்சல் கூப்பர் பாத்திரத்துக்கு அழைத்தார். அப்போது கிஷ் அறுபதைத் தாண்டியவர். படத் தொடக்கத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒருமுறை முகம் காட்டுவார், அப்புறம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். பொறுத்திருங்கள்.

அந்தப் படத்தில் எல்லோரும் பார்ப்பது கொலைகாரனாக வரும் ராபர்ட் மிச்சமின் கைகளை. விரல்களில் பச்சை குத்திய எழுத்துகள் பெயர் பெற்றவை. நீங்கள் கிஷ்ஷின் கைகளைப் பாருங்கள். இரவில் மடியில் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே கொலைகாரன் பக்திப் பாட்டு பாடுகிறான், இவரும் உள்ளேயிருந்து அதே பாட்டைச் சேர்ந்து பாடுகிறார். உடம்பில் அசைவே இல்லை, ஆனால் அந்தக் கிழவி எதற்கும் தயாராக இருக்கிறாள் என்பது நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்வியோடு படத்தை முடியுங்கள். அடுத்து பார்க்கப்போகும் படங்களெல்லாம் அதற்குத்தான்.

இனி ஒரு நோட்டு வேண்டும். பார்க்கும்போது எழுதுங்கள், ஆனால் ஒரு கட்டுப்பாடு: உணர்ச்சியின் பெயரை எழுதக் கூடாது. 'பயப்படுகிறாள்', 'ஏங்குகிறாள்' என்றெல்லாம் எழுதினால் அடித்துவிடுங்கள். உடம்பு என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். 'இடது கை கதவில், வலது கை வாய்க்கு வந்து நிற்கிறது, பிறகு இறங்குகிறது' என்கிற மாதிரி. எங்கள் குழுவில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். முதலில் எல்லோருக்கும் கை ஓடாது. பார்த்ததை எழுதுவதற்குப் பதில் தாங்கள் உணர்ந்ததை எழுதியே பழகியிருக்கிறார்கள். மேடையில் நிற்கிற நடிகருக்கு உணர்ச்சியின் பெயர் உதவாது. கையை எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இப்போது 1912-க்குப் போங்கள். லில்லியனும் தங்கை டோரதியும் பழைய தோழி கிளாடிஸ் ஸ்மித்தைத் தேடிக்கொண்டு நியூயார்க்கின் பதினான்காம் தெருவில் இருந்த பயோகிராஃப் என்ற படக் கம்பெனிக்குப் போனார்கள். கிளாடிஸ் அதற்குள் மேரி பிக்ஃபோர்டு என்ற பெயரில் சினிமா நடிகை ஆகியிருந்தார். அங்கே இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் இந்தச் சகோதரிகளைப் பார்த்தார். யார் யாரென்று தெரிய ஒருத்தி தலையில் சிவப்பு ரிப்பன், இன்னொருத்தி தலையில் நீல ரிப்பன் கட்டச் சொன்னார். கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டு இருவரையும் அறைக்குள் விரட்டி, எப்படிப் பதறுகிறார்கள் என்று பார்த்தார். இதைக் கிஷ்ஷே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படி உருவான 'ஆன் அன்ஸீன் எனிமி' கால் மணி நேரப் படம்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுவர் ஓட்டை வழியாகத் துப்பாக்கி நீள, அறைக்குள் சிக்கிய இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். அதில் இருப்பது மேடை நடிப்பு. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று கற்றுக்கொண்ட கைகள். அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், இங்கே அதிகம் நிற்க வேண்டாம்.

நிற்க வேண்டிய படம் 1919-ல் வந்த 'புரோக்கன் பிளாசம்ஸ்'. பிரதியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது பிரேம் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். பேசும் படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. பழைய படத்தை அப்படியே 24-ல் ஓட்டினால் எல்லோரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள். மௌனப் பட நடிப்பே அப்படித்தான் என்று பலர் நினைப்பதற்கு இந்த வேகம்தான் காரணம். இந்தப் படம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். உங்கள் பிரதி அதைவிட மிகக் குறைவாக ஓடினால் ஒன்று வெட்டியிருக்கிறார்கள், இல்லை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். வேறு பிரதி கிடைக்காவிட்டால் பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். 24 அப்போது 18 ஆகும், மனிதர்கள் மனிதர்களைப் போல நடப்பார்கள். இசை இழுபடும், அதனால் ஒலியை அணைத்துவிடுங்கள். கைபேசியில் பார்க்காதீர்கள். விரல் நுனி தெரிகிற அளவுக்குத் திரை வேண்டும். நாங்கள் லேப்டாப்பை டி.வி.யில் இணைத்துப் பார்க்கிறோம்.

லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் குத்துச்சண்டைக்கார அப்பனிடம் அடிபட்டு வளரும் லூசி என்ற சிறுமியாக வருகிறார் கிஷ். 'சிரி' என்று அப்பன் அதட்டுகிறான். அவளுக்குச் சிரிக்கத் தெரியாது. இரண்டு விரல்களை உதட்டோரங்களில் வைத்து மேலே தள்ளுகிறாள். வாய் மேலே போகிறது, கண்கள் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஒரு அட்டையால் முகத்தின் கீழ்ப்பாதியை மறையுங்கள், பிறகு மேல்பாதியை மறையுங்கள். இரண்டும் வேறு வேறு முகம். இந்தச் செய்கை படத்தில் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் எப்போது வருகிறது என்று நான் சொல்லமாட்டேன்.

அப்புறம் அந்த அலமாரிக் காட்சி. அப்பன் கோடரியால் கதவைப் பிளக்கிறான். உள்ளே, கை நீட்ட இடமில்லாத பெட்டி போன்ற இடத்தில், அவள் சுற்றிச் சுற்றி வருகிறாள். எங்கள் குழுவில் ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இவங்க ரொம்ப ஓவரா பண்றாங்களே" என்றான். "எந்த இடத்தில் ஓவர் ஆகுதுன்னு நிறுத்திக் காட்டுப்பா" என்றேன். பின்னால் போனான், முன்னால் வந்தான், பின்னால் போனான். அவனால் ஒரு பிரேமைக் காட்ட முடியவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் முந்தைய அசைவு காரணமாக இருக்கிறது. சுவரில் மோதுகிறாள், திரும்புகிறாள், அங்கேயும் சுவர். அந்தச் சிறுமி நடிக்கவில்லை, வழி தேடுகிறாள். அந்த வித்தியாசம் அவனுக்குப் புரிந்த அன்று அவனுடைய நடிப்பு மாறத் தொடங்கியது.

இந்தப் படத்தைக் காட்டுவதற்கு முன் நான் ஒன்றைச் சொல்லிவிடுவேன், நீங்களும் சொல்லிவிடுங்கள். சீன நாயகனாக நடிப்பவர் ரிச்சர்ட் பார்த்தெல்மஸ் என்ற வெள்ளைக்காரர், கண்களை இடுக்கிக்கொண்டு நடிக்கிறார். அது வலிக்க வேண்டிய விஷயம்தான். இதைவிடப் பெரிய விஷயம் 1915-ல் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்'. கிஷ் அதில் எல்ஸி ஸ்டோன்மேன். வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு கறுப்பின மக்களை மிருகங்களாகக் காட்டி, கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை வீரர்களாக்கிய படம் அது. வந்தபோதே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. எதிர்த்துப் போராடியது. அதே ஆண்டில் கிளான் மறுபடி உயிர்பெற்றது. கிஷ் கடைசிவரை கிரிஃபித்துக்காக வாதாடினார். 2019-ல் ஒஹாயோவின் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகம் தன் அரங்கிலிருந்து கிஷ் சகோதரிகளின் பெயரை எடுத்தது இந்தப் படத்தால்தான். பயிற்சிக்காக இதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நடிப்பில் இதிலிருந்து கிடைப்பதெல்லாம் 'புரோக்கன் பிளாசம்ஸ்'ஸிலேயே கிடைக்கிறது. ஆனால் அது இருக்கிறது என்பதை மறைக்காதீர்கள். நாம் கற்றுக்கொள்கிற கைகள் அந்தப் படத்திலும் வேலை செய்தவை.

அடுத்தது 'வே டவுன் ஈஸ்ட்', 1920. இரண்டரை மணி நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். போலிக் கல்யாணம் செய்து ஏமாற்றப்பட்ட பெண்ணின் கதை. எல்லோருக்கும் தெரிந்தது பனிப்பாளக் காட்சி. வெர்மான்ட்டில் ஒயிட் ரிவர் ஜங்ஷன் என்ற இடத்தில், உறைந்த ஆற்றில், உண்மையான பாளங்களின்மேல் படுத்தார். கையும் தலைமுடியும் தண்ணீரில் கிடக்கட்டும் என்று சொன்னது அவரேதான். அந்தக் கையின் பாதிப்பு ஆயுசுக்கும் இருந்தது. இப்படி உடம்பை வருத்துவதை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். என்னைப் பொறுத்தவரை படத்தின் உச்சம் அதுவும் அல்ல. வாடகை அறையில், செத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு யாருமில்லாமல் தானே ஞானஸ்நானம் செய்கிற காட்சிதான் உச்சம். 1912-ல் பறந்த கைகளை இதனோடு வைத்துப் பாருங்கள். எட்டு வருடத்தில் எவ்வளவு குறைத்துவிட்டார்!

'தி விண்ட்' 1928. எம்.ஜி.எம். கம்பெனியில் அவருக்குச் செல்வாக்கு இருந்த காலம். நாவலைத் தேர்ந்தெடுத்ததும், சுவீடன்காரரான விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்க வேண்டும் என்று விரும்பியதும் அவர்தான். மொஹாவே பாலைவனத்தில், எட்டு விமானப் புரொப்பெல்லர்களை வைத்து மணலை அவர்மேல் அடித்தார்கள். கதவின் கைப்பிடியைத் தொட்டுக் கை பொசுங்கியது என்று அவர் சொல்லியிருக்கிறார். டெக்ஸஸுக்கு வந்து சேர்ந்த ஒரு பெண் ஓயாத காற்றில் நிலைகுலைந்து போகிறாள், அவ்வளவுதான் கதை. காற்று என்பது மௌனப் படத்தில் கேட்காது. அவர் உடம்பில்தான் அது கேட்க வேண்டும். தான் புதைத்த உடலைக் காற்று மணல் தள்ளித் திறப்பதை ஜன்னல் வழியே பார்க்கிற இடத்தை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். அவர் பெரும்பாலும் கண்களால்தான் வேலை செய்கிறார். நோட்டில் எழுத மிகக் குறைவாகவே கிடைக்கும்.

இதற்குப் பிறகு நமக்கு ஒரு சிக்கல். 1930-ல் முதல் பேசும் படம் எடுபடவில்லை, அவர் மேடைக்குத் திரும்பினார். அதே ஆண்டு பிராட்வேயில் செக்காவின் 'அங்கிள் வான்யா'வில் ஹெலெனா. 1936-ல் ஜான் கீல்குட் ஹாம்லெட்டாக நடிக்க, இவர் ஒஃபீலியா, நாற்பத்து மூன்று வயதில்! இவற்றையெல்லாம் நாம் பார்க்கவே முடியாது. மேடை அப்படித்தான். ஆனால் ஒரு ஜன்னல் இருக்கிறது. 1953 மார்ச்சில் ஹார்ட்டன் ஃபூட் எழுதிய 'தி டிரிப் டு பவுன்டிஃபுல்' தொலைக்காட்சியில் நேரலை நாடகமாக ஒளிபரப்பானது. சொந்த ஊரைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடத் துடிக்கும் கேரி வாட்ஸ் என்ற கிழவி அவர். அதே ஆண்டு அதே பாத்திரத்தைப் பிராட்வே மேடையிலும் செய்தார். தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்து வைத்த பிரதி மிஞ்சியிருக்கிறது. படம் மங்கல்தான், ஆனால் ரீடேக் இல்லாமல் தொடர்ந்து நடிக்கிற கிஷ்ஷை இங்கேதான் பார்க்கலாம். மேடை நடிகர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

அதன் பிறகு நேராக 1987-ன் 'தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்'டுக்கு வாருங்கள். மெய்ன் மாநிலத்தின் ஒரு தீவில் எடுத்தது. பார்வையிழந்த அக்காவாக பெட் டேவிஸ், அவரைக் கவனித்துக்கொள்ளும் தங்கையாக கிஷ். நிஜத்தில் டேவிஸைவிட கிஷ் பதினைந்து வயது மூத்தவர். கல்யாண நாளன்று இறந்த கணவனின் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு தனியாகப் பேசுகிற காட்சி ஒன்று வரும். அங்கே நோட்டை மூடிவிட்டுப் பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் 'ஆர்ஃபன்ஸ் ஆஃப் தி ஸ்டார்ம்', 1921. லில்லியனும் டோரதியும் சேர்ந்து நடித்தது. பிரிந்துபோன கண் தெரியாத தங்கை தெருவில் பாடிக்கொண்டு வருகிறாள், மாடியறையில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கும் அக்காவுக்கு அந்தக் குரல் கேட்கிறது. ஒலியை அணைத்துவிட்டுக் குழுவாகப் பாருங்கள். எந்த நொடியில் அவருக்குக் கேட்டது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒப்பிட்டு, குறிப்புகள் வேறுபட்டால் அந்தப் பகுதியை 0.5 வேகத்தில் ஓட்டி, முதலில் அசைந்தது கண்ணா, கழுத்தா, கையா என்று பேசித் தீருங்கள்.