பெங்களூரில் சாக் அனலிஸ்ட் இன்டர்வியூவுக்குத் தயாராவது: ஒரே அலர்ட்டை முழுசாகப் படியுங்கள்

மடிவாளாவிலும் பிடிஎம் லேஅவுட்டிலும் பிஜியில் தங்கி எல்1 சாக் அனலிஸ்ட் (நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு எச்சரிக்கைகளை, அதாவது அலர்ட்டுகளை, முதலில் பார்க்கும் முதல் நிலை ஊழியர்) வேலை தேடும் நம் பிள்ளைகள் பலரிடம் கேள்வி-பதில் பிடிஎஃப் ஒன்று கட்டாயம் இருக்கும். சிஐஏ ட்ரையட், ஐடிஎஸ்ஸுக்கும் ஐபிஎஸ்ஸுக்கும் வித்தியாசம், என்கோடிங்குக்கும் என்கிரிப்ஷனுக்கும் வித்தியாசம் எல்லாம் மனப்பாடம். இன்டர்வியூவின் முதல் சில நிமிடங்களுக்கு அது கைகொடுக்கும். அதற்குப் பிறகு பேனலில் இருப்பவர் இப்படிக் கேட்பார்: “ஒரு யூசருக்கு அடுத்தடுத்து லாகின் ஃபெயில் ஆகிறது, கடைசியில் சக்சஸ் ஆகிறது. அலர்ட் உங்கள் ஸ்கிரீனில் வந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?”

இந்த ஒரு அலர்ட்டை உங்கள் லேப்டாப்பிலேயே உண்டாக்கி, லாகை வரி வரியாகப் படித்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மற்ற கேள்விகளில் பாதிக்கு இதிலிருந்தே பதில் கிடைக்கும். டிசிபி ஹேண்ட்ஷேக், டிஎன்எஸ், 443, 445, 3389 போர்ட்கள் எதற்கு என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

படி 1: லேப் அமைப்பது

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதும். லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை (விஎம்) ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் 7 போட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் எவால்யுவேஷனை அதில் நிறுவுங்கள். 90 நாள் ஓடும். விஎம்முக்கு 4 ஜிபி ரேம், 2 கோர், 64 ஜிபி டிஸ்க் கொடுங்கள். டிஸ்க் டைனமிக் என்பதால் அவ்வளவு இடமும் உடனே காலியாகிவிடாது. ஹோம் எடிஷனில் இதை முயல வேண்டாம். வெளியிலிருந்து வரும் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஹோம் ஏற்காது, குரூப் பாலிசி எடிட்டரும் அதில் கிடையாது.

நெட்வொர்க்கை நேட்டில் மட்டும் விட்டால் லேப்டாப்பிலிருந்து விஎம்முக்குள் போக முடியாது. இரண்டாவது அடாப்டராக, லேப்டாப்பையும் விஎம்மையும் மட்டும் இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லியைச் சேருங்கள். 192.168.56 என்று தொடங்கும் ஐபி வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

விஎம்முக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்யுங்கள். செல்வி என்ற பெயரில் பாஸ்வேர்டோடு ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குரூப்பில் சேருங்கள். யூசர் உருவானதற்கு 4720, குரூப்பில் சேர்ந்ததற்கு 4732 என்று விண்டோஸின் லாகில் ஈவென்ட் எண் பதிவாகும். இரண்டும் பின்னால் பயன்படும்.

அடுத்ததைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். எந்த புரோகிராம் ஓடியது என்று சொல்லும் 4688, விண்டோஸில் தானாகப் பதிவாகாது. ஆடிட் பாலிசியில் பிராசஸ் கிரியேஷனுக்கு சக்சஸை ஆன் செய்ய வேண்டும். அதோடு, குரூப் பாலிசியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ஆடிட் பிராசஸ் கிரியேஷன் என்று போய், கமாண்ட் லைனையும் சேர்த்துப் பதிவு செய்யும் அமைப்பையும் ஆன் செய்ய வேண்டும். இரண்டாவதை விட்டால் பவர்ஷெல் ஓடியது தெரியும், அதில் என்ன கமாண்ட் ஓடியது என்று தெரியாது. “4688 வரவில்லை என்றால் ஏன்?” என்று கேட்கும் பேனல்கள் உண்டு.

படி 2: அலர்ட்டை உண்டாக்குவது

லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக செல்வி கணக்குக்கு 6 முறை தவறான பாஸ்வேர்ட் கொடுங்கள். ஒரு முறை இல்லாத யூசர் பெயரைக் கொடுங்கள். பிறகு சரியான பாஸ்வேர்டில் உள்ளே போய், கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இரண்டு கமாண்ட் ஓட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

6-க்கு மேல் போகாதீர்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் சிஸ்டத்தில் 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு சரியான பாஸ்வேர்டும் ஃபெயில் ஆகும், லேப்தான் கெட்டுவிட்டது என்று தோன்றும். அப்படிப் பூட்டிக்கொண்டால் 4740 ஈவென்ட்டைத் தேடிப் பாருங்கள். அதையும் ஒரு முறை கண்ணால் பார்த்து வைப்பது நல்லதுதான்.

படி 3: லாகைப் படிப்பது

ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்து 4625-க்கும் 4624-க்கும் ஃபில்டர் போடுங்கள். 4625 தோல்வி, 4624 வெற்றி என்பது எல்லோருக்கும் தெரியும். இன்டர்வியூவில் சறுக்குவது அதற்கடுத்த வரிகளில்.

ஒரு 4625-ஐத் திறந்தால் அக்கவுன்ட் நேம் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே சப்ஜெக்ட் என்ற பகுதியில் இருப்பது, லாகின் கோரிக்கையை விண்டோஸிடம் கொடுத்த கணக்கு. நெட்வொர்க் வழியாக வந்ததென்றால் அங்கே வெறும் கோடு மட்டும் இருக்கும். மெஷின் முன்னால் உட்கார்ந்து தட்டியதென்றால் கம்ப்யூட்டரின் பெயரும் டாலர் குறியும் இருக்கும். தாக்கப்பட்ட யூசரின் பெயர் அதற்குக் கீழே உள்ள பகுதியில்தான் வரும். லாகுகளைச் சேர்த்துத் தேட உதவும் ஸ்பிளங்க் கருவியில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். அக்கவுன்ட் நேம் ஃபீல்டில் இரண்டு மதிப்புகள் சேர்ந்து விழுவதால், அதை வைத்து எண்ணினால் கோடு ஒரு யூசராக மேலே வந்து நிற்கும். இரண்டாவது மதிப்பை எடுத்து எண்ண வேண்டும்.

அடுத்தது லாகான் டைப். 2 என்றால் நேரடியாக, 3 என்றால் நெட்வொர்க் வழியாக, 4 என்றால் ஷெட்யூல் செய்த வேலை, 5 என்றால் சர்வீஸ், 7 என்றால் பூட்டிய திரையைத் திறந்தது, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப். இந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டு, “ரிமோட் டெஸ்க்டாப்பில் பாஸ்வேர்டை மாற்றி மாற்றித் தட்டும் புரூட் ஃபோர்ஸைத் தேட 4625-இல் டைப் 10-ஐத் தேடுவேன்” என்று பலர் சொல்கிறார்கள். உங்கள் லேபில் பாருங்கள், அந்த 6 தோல்வியும் டைப் 3 என்றுதான் இருக்கும். நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் ஆன் ஆகியிருந்தால், டெஸ்க்டாப் திறப்பதற்கு முன்பே நெட்வொர்க் வழியாகப் பாஸ்வேர்ட் சோதிக்கப்படுகிறது. தோல்வி அங்கேயே முடிந்துவிடுவதால் அது டைப் 3. உள்ளே போன பிறகுதான் 4624-இல் டைப் 10 தெரியும். இந்த ஒரு விஷயத்தைக் காரணத்தோடு சொன்னால், லாகைத் திறந்து பார்த்தவர் என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

பிறகு சப் ஸ்டேட்டஸ். நீளமான கோடின் கடைசி இரண்டு இடம் 6ஏ என்றால் பெயர் சரி, பாஸ்வேர்ட் தவறு. 64 என்றால் அந்தப் பெயரில் யூசரே இல்லை. 72 என்றால் கணக்கு முடக்கப்பட்டது. 234 என்று முடிந்தால் பூட்டப்பட்டது. ஒரே ஐபியிலிருந்து விதவிதமான பெயர்களுக்கு 64 வரிசையாக வந்தால் யாரோ பெயர்களை ஊகித்துப் பார்க்கிறார்கள். பல யூசர்களுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு 6ஏ வந்தால் பாஸ்வேர்ட் ஸ்பிரே. ஒரே யூசருக்கு ராத்திரி பகலாக, சீரான இடைவெளியில் 6ஏ வந்தால் பாஸ்வேர்ட் மாற்றியபின் பழையதையே வைத்துக்கொண்டு தட்டும் போனோ சர்வீஸோதான் பெரும்பாலும் காரணம். எல்1 ஷிஃப்டில் இந்தக் கடைசி வகையை நிறையப் பார்ப்பீர்கள்.

சோர்ஸ் நெட்வொர்க் அட்ரஸில் சில சமயம் ஐபி இல்லாமல் கோடு மட்டும் இருக்கும். அப்போது அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸின் ஆர்டிபி கோர் டிஎஸ் ஆபரேஷனல் லாகில் 131 ஈவென்ட்டைப் பாருங்கள். இணைப்பு எங்கிருந்து வந்தது என்று அங்கே இருக்கும்.

நேரத்தில் கவனம் தேவை. ஈவென்ட் வியூவர் உங்கள் ஊர் நேரத்தைக் காட்டும். அதே ஈவென்ட்டின் எக்ஸ்எம்எல் பக்கம் யுடிசியைக் காட்டும். பல நிறுவனங்களின் சீம் கருவியும் (ஸ்பிளங்க் போல எல்லா லாகையும் ஓரிடத்தில் சேர்ப்பது) யுடிசியில்தான் இருக்கும். இடைவெளி ஐந்தரை மணி நேரம். 20:34 யுடிசி என்றால் நம் கணக்கில் மறுநாள் அதிகாலை 2:04. “ராத்திரி எட்டரைக்கு ஊழியர் வேலை பார்த்திருப்பார்” என்று அலர்ட்டை மூடிவிட்டால், அதிகாலை இரண்டு மணிக்கு நடந்த ஊடுருவலை மூடியதாக ஆகும்.

படி 4: வாய்விட்டுச் சொல்வது

பதிலின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் யார்: மனிதரின் கணக்கா, சர்வீஸ் கணக்கா, அட்மின் உரிமை உண்டா. அடுத்து எங்கிருந்து: உள் ஐபியா, வெளி ஐபியா, இந்த யூசர் வழக்கமாக வரும் இடமா. பிறகு வேகமும் சப் ஸ்டேட்டஸும். அதே ஐபி வேறு கணக்குகளையும் தட்டியதா. கடைசி 6ஏ-வுக்கும் 4624-க்கும் எவ்வளவு இடைவெளி. வெற்றிக்குப் பின் என்ன நடந்தது: 4688-இல் புது புரோகிராம், 4720-இல் புது யூசர், 4732-இல் அட்மின் குரூப்பில் சேர்த்தல், சிஸ்டம் லாகில் 7045 என்று புது சர்வீஸ், செக்யூரிட்டி லாகில் 1102 என்று லாக் அழிப்பு. தாக்குதல் முறைகளுக்கு எண் கொடுத்துத் தொகுத்த மைட்டர் அட்டாக் பட்டியலில் புரூட் ஃபோர்ஸ் டி1110, ஸ்பிரே அதன் 003 என்ற உட்பிரிவு. இதை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

முடிவில் “உடனே கணக்கை முடக்குவேன்” என்று சொல்லிவிடாதீர்கள். பிளேபுக் (எந்த அலர்ட்டுக்கு என்ன செய்யலாம் என்ற நிறுவனத்தின் கையேடு) அனுமதித்தால்தான் எல்1 அதைச் செய்யலாம். நள்ளிரவில் ஒரு சர்வீஸ் கணக்கை முடக்கினால் வாடிக்கையாளரின் பில்லிங்கே நிற்கக்கூடும். “யூசரிடம் மெயில் அல்லாத வேறு வழியில் உறுதி செய்து, ஆதாரத்தோடு எல்2-க்கு ஏற்றிவிட்டு, பிளேபுக் சொல்வதைச் செய்வேன்” என்பதே பொறுப்பான பதில். மெயில் வேண்டாம் என்பதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: கணக்கு பறிபோயிருந்தால் அந்த மெயிலைப் படிப்பதே தாக்கியவராக இருக்கலாம்.

கூடவே டிக்கெட் குறிப்பையும் எழுதிப் பழகுங்கள். உங்கள் லேபுக்கு இப்படி வரும்: “அதிகாலை 2:04 முதல் 2:06 வரை, இந்திய நேரம். செல்வி கணக்குக்கு 192.168.56.1-இலிருந்து 6 தோல்வி, எல்லாம் தவறான பாஸ்வேர்ட், டைப் 3. அதே ஐபியிலிருந்து இல்லாத பெயருக்கு 1 தோல்வி. 2:07-க்கு டைப் 10 வெற்றி. பிறகு கமாண்ட் பிராம்ப்ட் ஓடியது. புது யூசரோ சர்வீஸோ உருவாகவில்லை. யூசரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, எல்2-க்கு ஏற்றப்படுகிறது.” இதை ஆங்கிலத்தில் எழுதி உரக்கப் படியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தயக்கம் இருக்கும், அது இயல்பு. சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் போதும், அலங்காரம் எதுவும் வேண்டாம். பேனலில் தமிழர் இருந்தாலும் அவராகத் தமிழில் பேசும்வரை ஆங்கிலத்திலேயே பேசுங்கள். ஷிஃப்ட் ஹேண்ட்ஓவரை ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா என்பதும் அங்கே பார்க்கப்படுகிறது.

படி 5: ஃபிஷிங்

இரண்டாவது வழக்கமான கேள்வி: சந்தேகமான ஏமாற்று மெயில் ஒன்று வந்தால் எப்படிச் சோதிப்பீர்கள்? மெயிலின் ஹெடரில் ரிசீவ்ட் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எஸ்பிஎஃப் (அனுப்பிய சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்ற சோதனை) பாஸ் என்பதை நம்பிவிடாதீர்கள். தாக்குபவர் சொந்த டொமைனிலிருந்து அனுப்பினால் அதுவும் பாஸ் ஆகும். கண்ணுக்குத் தெரியும் ஃப்ரம் முகவரியோடு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். இணைப்பு ஃபைலை அப்படியே வைரஸ் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றுவேன் என்று சொல்ல வேண்டாம். ஏற்றிய ஃபைலை வெளியார் எடுக்க முடியும், அதில் நிறுவனத்தின் ரகசியம் இருக்கலாம். முதலில் ஹாஷை (ஃபைலின் கைரேகை போன்ற குறியீட்டை) மட்டும் தேடுங்கள்.

கருவி, சட்டம், சான்றிதழ்

ஸ்பிளங்க் என் முதல் தேர்வு. என்டர்பிரைஸ் ட்ரையல் 60 நாள். அதன்பின் ஃப்ரீ லைசென்ஸில் நாளுக்கு 500 எம்பி வரை ஏற்றலாம், ஆனால் அலர்ட் வசதி போய்விடும். விஎம்முக்குள்ளேயே நிறுவி செக்யூரிட்டி லாகை இணைத்தால் மெதுவாகத்தான் ஓடும், ஆனாலும் பழகப் போதும். வாசுவும் (Wazuh) நல்ல கருவி, முற்றிலும் இலவசம். ஆனால் அதன் சர்வருக்கே 8 ஜிபி ரேம் தேவைப்படும் என்பதால் சின்ன லேப்டாப்பில் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவைத் தெரிந்து வைத்திருங்கள். குறிப்பிட்ட வகைச் சம்பவங்களைக் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அந்த 6 மணி நேரக் கடிகாரம் பல சமயம் எல்1 ஸ்கிரீனில்தான் ஓடத் தொடங்குகிறது. அலர்ட்டைப் பார்த்த நேரத்தைக் குறிப்பது அதனால்தான் முக்கியம். சம்பவங்களைக் கையாள்வதற்கான அமெரிக்க வழிகாட்டியான நிஸ்ட் 800-61 பற்றிக் கேட்டால், பழகிய நான்கு கட்ட வரிசை 2012-இல் வந்த இரண்டாம் திருத்தத்தினுடையது என்றும், 2025 ஏப்ரலில் மூன்றாம் திருத்தம் வந்து நிஸ்ட்டின் சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பான சிஎஸ்எஃப் 2.0-வோடு இணைத்து மாற்றி எழுதப்பட்டது என்றும் சொல்லுங்கள்.

சான்றிதழ் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் என்பேன். எஸ்ஒய்0-601 பழைய புத்தகத்தை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்தத் தேர்வு 2024-இல் நின்றுவிட்டது. இப்போது 701.

எச்ஆர் சுற்று

ரொட்டேஷனல் ஷிஃப்ட் சரியா என்று கேட்பார்கள். சரி சொல்வதற்குமுன் இரவு ஷிஃப்டுக்கு கேப் வண்டி உண்டா, எந்த எல்லைவரை, ஓசூர்வரை வருமா என்று கேளுங்கள். பொம்மசந்திராவரை மெட்ரோ வந்துவிட்டதை நம்பி ஓசூரில் வீடு பார்ப்பவர்கள், அதிகாலை ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு ரயில் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் போகவே போகாதீர்கள். பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் யுஏஎன் எண்ணின் பிஎஃப் வரலாற்றைப் பார்ப்பார்கள். வேலையில் சேர்ந்த பிறகு பிடிபட்டாலும் நீக்கிவிடுவார்கள். ஃப்ரெஷர் என்றே போட்டு, ரெஸ்யூமேயில் புராஜெக்ட் பகுதியில் இந்த லேபை நான்கு வரியில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: அடுத்த நாள் பார்த்தால் 4625 எல்லாம் காணோம் என்பவர்களுக்கு: செக்யூரிட்டி லாகின் இயல்பான அளவு 20 எம்பி. 4688-ஐ ஆன் செய்தபின் அது சீக்கிரம் நிரம்பி, பழையவற்றின் மேல் எழுதத் தொடங்கும். லாகின் ப்ராப்பர்ட்டீஸில் அளவை 200 எம்பி ஆக்கிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். லாகை யாராவது அழித்திருந்தால் 1102 இருக்கும். அது இல்லையென்றால் வெறும் இடப்பற்றாக்குறைதான்.