பேர் இல்லாத ஜெர்சியும் கவரில் வரும் காசும்

ஜெர்சிக்கு நம்பர் அடித்துக் கொடுப்பது என் தொழில். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் சின்னக் கடை. மாதத்துக்கு ஒரு காலேஜ் ஃபுட்பால் பையனாவது வந்து, "அண்ணா, நம்பர் மட்டும் போதும், பேர் வேண்டாம்" என்பான். எங்கேடா மேட்ச் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். எனக்குப் புரிந்துவிடும். நானும் அப்படிப் போனவன்தான்.

2009, டிகிரி இரண்டாம் வருஷம். கேரளாவில் மலப்புறம் பக்கம் ராத்திரி செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால். கேலரி நிறையக் கூட்டம், கண்ணைக் கூசும் ஃபிளட்லைட். கூட்டிப்போன ஆள் வேறு யாரோ ஒருத்தர் பேரில் என்னை எழுதிக் கொடுத்துவிட்டார். மைக்கில் அந்தப் பேரைக் கூப்பிடுகிறார்கள், நான் பாட்டுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்தவன் இடுப்பில் இடித்த பிறகுதான் எழுந்தேன். ஆட்டம் முடிந்ததும் கவரில் 1,500 ரூபாய். அம்மாவிடம் 500 கொடுத்தேன், மிச்சத்தில் ஒரு பூட்ஸ் வாங்கினேன். மூன்று வாரம் கழித்து யூனிவர்சிட்டி டீம் எடுக்கும்போது இன்னொரு காலேஜ்காரர்கள் என்னை எடுக்கக்கூடாது என்று புரோட்டஸ்ட் போட்டார்கள். கூடவே அந்த மேட்ச் போட்டோ. யூனிவர்சிட்டிகளுக்கு இடையிலான சவுத் ஸோன் போட்டி ஆட டீம் ரயிலேறிய அன்றைக்கு நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

காசு வாங்கியதால்தான் போச்சு என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் விசாரித்த சார் முதலில் கேட்டது காசைப் பற்றி இல்லை. போட்டோவுக்குக் கீழே இருந்த பேரைக் காட்டி, "இது யாரு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால், தம்பி, உன்னை யாராவது "ஒரு மேட்ச், போக வர வண்டி, கையில் இவ்வளவு" என்று கூப்பிட்டால் முதல் காரியமாக எந்தப் பேரில் எழுதப் போகிறார்கள் என்று கேள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தால் அத்தோடு போனை வைத்துவிடு. மேற்கொண்டு கணக்குப் பார்க்க ஒன்றும் இல்லை.

சொந்தப் பேரில்தான் என்றால், அடுத்து நீ அமெச்சூரா புரொஃபஷனலா என்று பார்க்க வேண்டும். ஃபிஃபா விதி இதில் தெளிவு: கிளப்போடு எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, ஆட்டத்துக்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் வாங்கினால் நீ புரொஃபஷனல். மற்ற எல்லோரும் அமெச்சூர். ஆக பஸ் காசு, சாப்பாடு, ரூம் வாடகை வாங்குவதால் மட்டும் யாரும் புரொஃபஷனல் ஆகிவிடுவதில்லை. சிக்கல் வருவது கையெழுத்தில். லீக் தொடங்கும் முன் கிளப்காரர்கள் நீட்டும் காகிதத்தைப் பைக் டேங்கின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். அது வெறும் பதிவுப் படிவமா, சம்பள ஒப்பந்தமா என்று படித்துப் பார். புரொஃபஷனலாக ஆடிவிட்டால் கடைசி மேட்சிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்துத்தான் மறுபடி அமெச்சூராகப் பதிவு செய்ய முடியும். வேலை கொடுத்து ஆட வைக்கும் கம்பெனி டீம் என்றால் இன்னும் உஷார். யூனிவர்சிட்டிகளுக்கு இடையிலான போட்டியில் ஆட நீ முழுநேர மாணவனாக இருக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வாங்கிக்கொண்டு நான் இன்னும் ஸ்டூடன்ட்தான் என்று எலிஜிபிலிட்டி ஃபார்மில் எழுதினால், அதைப் பிடித்துக் கொடுக்க எதிர் டீமில் ஒருத்தன் நிச்சயம் இருப்பான்.

அப்புறம் கடிதம். பாதிப் பையன்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பி.டி. சாரிடம் காரிடாரில் நின்று வாயால் சொல்வது அனுமதி ஆகாது. அவருக்கு நூறு வேலை, மறந்துபோவார், மாற்றலாகியும் போவார். இப்படி எழுது:

"ஐயா, இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன குழு நடத்தும் போட்டியில், இன்ன அணிக்காக என் சொந்தப் பெயரில் ஆட விரும்புகிறேன். பயணத்துக்கும் உணவுக்கும் இவ்வளவு ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அனுமதி வேண்டுகிறேன்."

தொகையை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். எழுதாவிட்டால் அது வெறும் லீவ் லெட்டர். இரண்டு பிரதி எடு. ஒன்றில் கையெழுத்தும் சீலும் வாங்கி நீ வைத்துக்கொள். ஏற்கெனவே ஒரு கிளப்பில் பதிவு இருந்தால் அவர்களிடமும் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் (என்.ஓ.சி.) வாங்கு. போட்டி மாவட்டச் சங்கத்துக்குத் தெரிந்து நடப்பதா என்றும் விசாரித்துக்கொள்.

காசை வாங்கும்போது வவுச்சரில் வாங்கு. தேதி, எதற்கான தொகை, கொடுத்தவர் கையெழுத்து மூன்றும் வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டித்தான் கையெழுத்து. ஜிபேயில் வந்தால் உன் நம்பருக்கே வரட்டும். மாமா நம்பர், ரூம்மேட் நம்பர் கொடுத்தால் ஒளித்த மாதிரி ஆகிவிடும். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வை. டிக்கெட்டையும்தான்.

இதெல்லாம் ஓவர் அண்ணா என்கிறவர்களுக்கு நான் அமெரிக்கக் கதை சொல்வேன். அங்கே ஃபுட்பால் என்றால் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் முட்டைப் பந்து ஆட்டம். காலேஜ் மேட்சுக்கு லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஆடுகிற பையனுக்கு ஸ்காலர்ஷிப் தவிரக் கையில் காசு வரக்கூடாது என்பது ரொம்ப காலம் விதி. 2010ல் ஜார்ஜியா யூனிவர்சிட்டியின் ஏ.ஜே. கிரீன் தான் போட்டு ஆடிய ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார் என்று நாலு மேட்ச் வெளியே உட்கார வைத்தார்கள். நம் ஊரில் பழைய ஜெர்சியை வண்டி துடைக்கத்தான் கேட்பார்கள். அதே வருஷம் ஒஹாயோ ஸ்டேட்டில் ஐந்து பேர் மாட்டினார்கள். மிச்சிகன் டீமை ஜெயித்தால் அங்கே கால்சட்டை வடிவத்தில் சின்னத் தங்கப் பதக்கம் ஒன்று கொடுப்பார்கள். அதையும் மோதிரங்களையும் காசுக்கும் பச்சை குத்திக்கொள்வதற்கும் கொடுத்துவிட்டார்கள். தண்டனை ஐந்து மேட்ச்.

பையன்களுக்கு முதலில் விழுந்தது ஐந்து மேட்ச்தான். விஷயம் மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தும் மேலே சொல்லாமல் மறைத்த கோச் ஜிம் டிரெஸ்ஸல், 2011 மே மாதம் வேலையை விட்டார். 2010 சீசனில் ஜெயித்த மேட்சுகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே நீ ஏற்கெனவே எங்காவது போய் ஆடிவிட்டாய் என்றால், இந்த வாரமே, புரோட்டஸ்ட் வரும் முன்னால், நீயாகப் போய்ச் சொல். எந்தத் தேதி, எந்த ஊர், எவ்வளவு என்று எழுதிக் கொண்டுபோ. ஒரு டோர்னமென்ட் போகலாம், திட்டு விழும். போட்டோவோடு வேறு யாரோ வந்து சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

2021 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் காலேஜ் பையன்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேராகப் பணம் தரலாம். கிரீன் செய்தது இன்றைக்கு நடந்தால் செய்திகூட ஆகாது, ஆனால் அந்த நாலு மேட்சை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. இவ்வளவு தாராளம் வந்த பிறகும், வெளியாட்களோடு 600 டாலரோ அதற்கு மேலோ ஒப்பந்தம் போட்டால் பதிவு செய்தாக வேண்டும். நான் சொன்ன வவுச்சர்தான், கம்ப்யூட்டரில்.

பெட்டிங் பக்கம் போகாதே. "கோல் கொஞ்சம் விடு, தனியாகக் கவனிக்கிறேன்" என்று எவனாவது சொன்னால் அன்றைக்கே மேனேஜரிடம் சொல். அதற்குக் கடிதமும் கிடையாது, வவுச்சரும் கிடையாது.

சரி, கடிதம் கொடுத்தும் சார் அனுமதி தரவில்லை என்றால்? போகாதே. நான் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காடு மலையேறி நாகலூர்ப் பக்கம் எங்கள் பழைய எஸ்டேட் கிரவுண்டுக்குப் போகிறேன். பனி இறங்கினால் எதிர் கோல் போஸ்ட் தெரியாது, கிரவுண்டும் ஒரு பக்கம் சாய்வு. வா. காசு கிடையாது, ஆட்டம் முடிந்ததும் காப்பி உண்டு. பந்து செடிக்குள் உருண்டால் கடைசியாக உதைத்தவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். ஜெர்சியில் உன் பேரை நான் சும்மாவே அடித்துத் தருகிறேன்.