கயிற்றைச் சுண்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மாமாவின் வண்டிக்கு கிளீனராகப் போனபோது எனக்குப் பதினேழு வயது. இப்போது சொந்தமாக ஒரு பொலேரோ பிக்கப் ஓட்டுகிறேன். தக்காளிப் பெட்டி, சிமென்ட் மூட்டை, வீட்டுச் சாமான், கல்யாணப் பாத்திரம் என்று நான் ஏற்றாத லோடு இல்லை. இத்தனை வருஷத்தில் என் வண்டியிலிருந்து ஒரே ஒரு பொருள்தான் நடுரோட்டில் விழுந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க், காலி டேங்க். திண்டுக்கல்லில் ஏற்றி வேடசந்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று குறுக்கே ஒரே ஒரு கயிறு போட்டேன். கரூர் போகிற நாலுவழிச் சாலையில் ஒரு பாலம் ஏறி இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தால் டேங்க் மெல்ல எழுந்து நிற்கிறது. அடுத்த நொடி கண்ணாடியில் அது இல்லை. பின்னால் ஒரு எக்ஸெல் வண்டியில் புருஷன், பொண்டாட்டி, நடுவில் ஒரு சின்னப் பையன். அவர் பிரேக் அடித்ததில் வண்டி சறுக்கிச் சாய்ந்துவிட்டது. டேங்க் அவர்களைத் தாண்டி உருண்டு போய் நடுவில் இருந்த அரளிச் செடியில் முட்டி நின்றது. அந்த அம்மாவுக்கு முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. பையனுக்கு ஒன்றும் இல்லை. நான் ஓடிப் போய்த் தூக்கினேன். அந்த அம்மா திட்டவில்லை. "உங்க வீட்லயும் பிள்ளைக இருக்குல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குப் பிறகு எனக்குக் கயிறு கட்டுவது வேறு வேலையாகிவிட்டது.

லோடு ஏற்றுகிற இடத்தில் இரண்டு பேச்சு அடிக்கடி கேட்கும். "லேசான சாமான்தான், ஒண்ணும் ஆகாது" என்பது ஒன்று. "நல்ல கனம், அது எங்கேயும் போகாது" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

லேசான சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ பாரம் வைத்த மாதிரி தள்ளும். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஷீட் கிட்டத்தட்ட மூன்று சதுர மீட்டர் இருக்கும். ஆக, அதன் முன்பக்கம் தூக்கிக் காற்று அடியில் புகுந்தால் தள்ளு 50 கிலோ வரை வரலாம். ஷீட் கனம் குறைந்ததாக இருந்தால் அதன் எடை அதில் பாதிகூட இராது. அப்புறம் அது ஷீட் இல்லை, பட்டம். மெத்தையும் அப்படித்தான், காலி டேங்கும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தள்ளு நாலு மடங்காகும். ஊருக்குள் ஓட்டும்போது அசையாமல் வந்த மெத்தை நாலுவழிச் சாலையில் பறப்பதற்குக் காரணம் இதுதான்.

கனமான சாமானுக்கு எதிரி பிரேக். 60 வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16, 17 மீட்டர் போகிறது. நீங்கள் பிரேக் அடித்தால் நிற்பது வண்டிதான். பின்னால் இருக்கும் கிரானைட் பலகைக்கு அது தெரியாது. லோடு முன்பக்கம் நகராமல் இருக்க அதன் எடையில் 80 சதவீத அளவுக்குப் பிடிமானம் வேண்டும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதி எடைக்கு வேண்டும் என்று பல நாடுகளின் விதிகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஒரு டன் டைல்ஸ் என்றால் முன்பக்கம் 800 கிலோவைத் தாங்க வேண்டும். இரண்டு நைலான் கயிறு அதைத் தாங்காது. தாங்கக்கூடியது பாடியின் முன்சுவர் மட்டும்தான், அதுவும் லோடு அதில் ஒட்டி இருந்தால்.

அதனால் கயிற்றைத் தொடும் முன்பு செய்ய வேண்டிய வேலை, இடைவெளியை மூடுவது. கனமானதைக் கீழே வையுங்கள், முன்சுவரை ஒட்டி வையுங்கள், இடமோ வலமோ ஒதுங்காமல் நடுவில் வையுங்கள். எல்லாக் கனமும் பின் கதவு ஓரம் போனால் முன் டயர் லேசாகி ஸ்டீயரிங் பிடிமானம் விட்டுவிடும்; கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு முறை அதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு கனமான பொருள், அதைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தால்தான் எடை சரியாக நிற்கும் என்றால், அதற்கும் முன்சுவருக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் காலிப் பெட்டி, மரக்கட்டை, பழைய டயர் என்று இறுக்கமாக அடையுங்கள். அரை அடி இடைவெளி இருந்தாலும் சாமான் அந்த அரை அடியில் வேகம் எடுத்து மோதும்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். மொத்த எடையில் காலி வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் லோடு, அதில் வண்டியில் உட்காரும் ஆட்களும் அடக்கம். குட்டி யானைக்குச் சுமார் முக்கால் டன். அதாவது 50 கிலோ சிமென்ட் மூட்டை அதிகபட்சம் பதினைந்து; ஆட்களின் எடையைக் கழித்தால் அதிலும் குறையும். அதற்கு மேல் ஏற்றச் சொல்லிக் கெஞ்சும் ஆட்களிடம் நான் அபராதத்தைச் சொல்வேன்: 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. வாடகையே அவ்வளவு வராது.

சரி, இப்போது கயிறு. தேங்காய் நார்க் கயிறு பிடிமானம் தரும், ஆனால் பெரிய லோடுக்குப் பலம் போதாது. நைலான் பலமானது, ஆனால் இழுபடும். மழையில் நனைந்தால் இன்னும் நீளும். மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்து கிடந்து உளுத்துவிடும். விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கையில் தூள் ஒட்டினால் அந்தக் கயிறு மாடு கட்டக்கூட ஆகாது. கனமான லோடுக்கு நான் ராட்செட் பெல்ட்தான் போடுகிறேன். அது அதிகம் நீளாது, கைப்பிடியை ஆட்டினால் ஒவ்வொரு பல்லாக இறுகும். எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதிலேயே லேபிள் தைத்திருப்பார்கள். ஓரத்தில் வெட்டு விழுந்த பெல்ட்டைத் தைத்தோ முடிச்சுப் போட்டோ பயன்படுத்தாதீர்கள்.

கயிறுதான் என்றால் முடிச்சு முக்கியம். மாமா எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. ஒரு நுனியை ஒரு பக்கக் கொக்கியில் கட்டி, கயிற்றை லோடுக்கு மேலே வீசி, மறுபக்கம் வாருங்கள். தொங்கும் கயிற்றில் நெஞ்சு உயரத்தில் ஒரு வளையம் முறுக்கிப் போடுங்கள். மீதிக் கயிற்றைக் கீழே கொக்கியில் மாட்டி, மேலே கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் விட்டு, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்துக் கீழே இழுங்கள். கணக்குப்படி நீங்கள் இழுப்பதைப் போல மூன்று மடங்கு இறுகும். கயிறும் கயிறும் உரசுவதில் நிறைய போய்விடும்தான், ஆனாலும் நேராக இழுத்துக் கட்டுவதைவிட நன்றாகப் பிடிக்கும். இழுத்த இடத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடியே வலது கையால் இரண்டு சுற்றுப் போட்டு முடியுங்கள். பிடியை விட்டுவிட்டு முடிச்சுப் போட்டால் இழுத்ததெல்லாம் வீண்.

அப்புறம் கயிற்றைச் சுண்டிப் பாருங்கள். இறுகிய கயிறு டங்கென்று அதிரும். தளர்ந்தது தொப்பென்று அடங்கும். இரவில் டார்ச் இல்லாவிட்டாலும் காது சொல்லிவிடும்.

கயிறு லோடின் மேலிருந்து கொக்கிக்குச் செங்குத்தாக இறங்கினால்தான் முழுப் பலத்தோடு கீழே அழுத்தும். தரைமட்டத்திலிருந்து 30 டிகிரிதான் என்று படுத்துப் போனால் பாதிதான். ப்ளைவுட், கண்ணாடி ஃபிரேம் மாதிரி தட்டையான சாமானில் கயிறு படுத்தேதான் போகும். அதற்கு மேலே குறுக்கே இரண்டு ரீப்பர் கட்டையைப் போட்டு, கட்டையின் மேல் கயிற்றைக் கொண்டுபோங்கள். காற்று புகாமல் ஷீட்டின் முன்னோரம் முன்சுவரின் மேல்விளிம்புக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும். இரும்பு பீரோ, டைல்ஸ் பெட்டி விளிம்பில் கயிறு படும் இடத்தில் பழைய டயர் டியூப் துண்டோ மடித்த சாக்கோ வையுங்கள். ஒரு முறை பழனி போய்ச் சேர்ந்து பார்த்தபோது பீரோ விளிம்பில் என் கயிறு இரண்டே இழையில் நின்றது. அந்த இரண்டு இழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

ஃபிரிட்ஜை நிமிர்த்தியே வையுங்கள், கயிற்றைக் கதவின் மேல் இறுக்காமல் பக்கவாட்டில் பாரம் வருமாறு கட்டுங்கள். கேஸ் சிலிண்டரும் நின்றபடிதான். மணல், எம்-சாண்ட், ஜல்லி என்றால் தார்ப்பாய் இல்லாமல் கிளம்பாதீர்கள். பைக்கில் வருபவர் கண்ணில் ஒரு மணல் விழுந்தால் போதும்.

கம்பி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கடையில் வரும் முறுக்குக் கம்பி 12 மீட்டர், நாற்பது அடி. இரண்டாக மடித்தாலும் இருபது அடி. என் வண்டியின் பாடி ஒன்பது அடி. மீதி பின்னால் நீட்டிக்கொண்டு ஆடும். "சிவப்புத் துணி கட்டிரலாம் அண்ணே" என்பார்கள். இரவில் எதிர் வெளிச்சத்தில் கண் கூசி வருபவனுக்கு அந்தத் துணி எங்கே தெரியும்? கம்பி அவன் நெஞ்சு உயரத்தில் இருக்கும். இப்படி நீட்டிக்கொண்டிருக்கும் லோடுக்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு, இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில். கடையிலேயே அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் லாரியில் போகட்டும். நான் இந்த வாடகையை விட்டுக்கொடுத்து ரொம்ப நாளாகிறது.

கம்பியைவிட என்னைப் பதற வைப்பது இன்னொன்று. வீடு மாற்றும்போது கயிறு பற்றாது. உடனே ஒரு லோடுமேன் தம்பி மெத்தை மேல் ஏறி உட்கார்ந்து "நான் பிடிச்சுக்கிறேன், நீங்க போங்கண்ணே" என்பான். அவன் கையால் பிடிக்க முடிவது அவன் எடையைக்கூட இல்லை. காற்று மெத்தையைத் தூக்கினால் அவனையும் சேர்த்துத் தூக்கும். பிரேக் அடித்தால் பீரோவுக்கும் முன்சுவருக்கும் நடுவில் அவன் இருப்பான். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் தப்பு. அவன் அம்மாவுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? பஸ் காசு கொடுத்து அனுப்பிவிடுங்கள், ஒரு கயிறு கூடுதலாக வாங்கி வண்டியிலேயே போட்டு வையுங்கள்.

கிளம்பும் முன் பின் கதவைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். கொக்கி தேய்ந்திருந்தால் குழியில் இறங்கும்போது தானாகக் கழன்று விழும். செயினைப் போட்டு, ஒரு கட்டுக்கம்பி முறுக்கிவிடுங்கள். ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். குலுங்கிக் குலுங்கிச் சாமான் அமர்ந்திருக்கும், அமர்ந்த அளவுக்குக் கயிறு தளர்ந்திருக்கும். இழுத்துக் கட்டுங்கள். அடுத்தது டீ குடிக்கும் இடத்தில். மழை பெய்தால் உடனே இன்னொரு முறை. மலை ஏறும் முன்பு வத்தலக்குண்டில் நிறுத்தாமல் நான் கொடைக்கானல் போனதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது விழுந்துவிட்டால், சடக்கென்று நடுவில் நிறுத்தாதீர்கள். இடது ஓரம் ஒதுங்கி நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். நாலுவழிச் சாலையில் விழுந்த மூட்டையை எடுக்க ஓடி உயிரை விடாதீர்கள்; பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஓரத்திலேயே நடந்து போய்த் துணியை ஆட்டி எச்சரிக்கை கொடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குக் கூப்பிட்டால் ஆள் வருவார்கள். அடிபட்டவர் இருந்தால் முதல் போன் 108க்கு.

லோடு இறக்கியாகிவிட்டது, வண்டி காலி என்று நினைக்கும்போதுதான் நம் கவனம் போய்விடும். உடைந்த செங்கல், ஆணி துருத்திய மரத்துண்டு, காலி சாக்கு எல்லாம் பாடியின் மூலையில் கிடக்கும். திரும்பும்போது வேகமாகத்தான் வருவோம். சீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்துடைப்பம் வைத்திருக்கிறேன். பாடியைப் பெருக்கி, குப்பையை இறக்கிய இடத்திலேயே ஒரு சாக்கில் கொட்டிவிட்டு, கயிற்றை முழங்கையில் சுற்றி மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன்.