கண்புரை அறுவை சிகிச்சை: லென்ஸ் தேர்விலும் அதற்கு முன்னும் பின்னும் நேரும் தவறுகள்

அறுபதைத் தாண்டிய ஒருவர் திடீரென்று கண்ணாடி போடாமல் பேப்பர் படிக்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வெள்ளெழுத்தே போய்விட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பெரும்பாலும் அது கண்புரையின் அடையாளம். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் நடுப்பகுதி இறுகி அடர்த்தியாகும்போது அதன் பவர் கூடுகிறது. அதனால் கிட்டத்தில் இருப்பது தெளிகிறது, தூரத்தில் இருப்பது மங்குகிறது. புரை வளர வளர கிட்டத்தில் இருப்பதும் மங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். அடுத்த கண்ணாடிக்குப் பணம் கட்டும் முன் கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டுப் பாவையை (கண்ணின் நடுவில் ஒளி புகும் கருந்துளையை) விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுக்கட்டும் என்று காத்திருப்பது

புரை பழுத்தால்தான் எடுக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. அப்போது லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுதாக வெளியே எடுத்தார்கள். உள்ளே வேறு லென்ஸ் வைக்கும் வழக்கம் பரவாததால் சோடாப்புட்டிக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. இன்றைய பேக்கோ முறையில் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர் வரை மட்டுமே கீறி, அதன் வழியாக மீயொலி (அல்ட்ராசவுண்ட்) அதிர்வை அனுப்பி லென்ஸை உடைத்து உறிஞ்சிவிட்டு, அதன் உறைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். இயற்கை லென்ஸ் எவ்வளவு கல்லாகிறதோ அவ்வளவு அதிக அதிர்வு தேவைப்படும். அந்த அதிர்வு கருவிழியின் உட்புறச் செல்களைக் கொல்லும். அந்தச் செல்கள் மறுபடி வளராதவை. முற்றிய புரைக்கு அறுவை செய்தால் கருவிழி வீங்கி, பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆவது இதனால்தான்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். ஊறிப் பெருத்த லென்ஸ் கண்ணுக்குள் நீர் வடியும் வழியை அடைத்து, கண் அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தி வரும். பலர் அதை ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார்கள். அதற்குள் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டால், பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் இழந்த பார்வை திரும்பாது.

அதற்காகப் புரை என்ற சொல்லைக் கேட்டவுடன் அறுவைக்கு ஓடவும் வேண்டாம். பஸ் நம்பர் தெரியவில்லை, படியின் விளிம்பு புலப்படவில்லை, எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசுகிறது, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று அன்றாடம் இடறத் தொடங்கும்போதுதான் அதற்கு நேரம்.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, தேன், விளக்கெண்ணெய் இவற்றில் எதையும் கண்ணில் விடாதீர்கள். புரை அப்படியே இருக்க, கருவிழியில் கிருமி புகுந்து புண்ணாகும். அந்தப் புண் ஆறும் வரை அறுவையும் தள்ளிப்போகும்.

அளவெடுப்பதைச் சடங்காக நினைப்பது

அறுவைக்குப் பிறகு கண்ணாடி எவ்வளவு தேவைப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதற்கு முன் எடுக்கும் அளவுகள்தான். கண்ணின் முன்பின் நீளமும் கருவிழியின் வளைவும் முக்கியமானவை. நீளம் சராசரியாக 23.5 மில்லிமீட்டர் இருக்கும். இதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவர் ஏறத்தாழ 2.5 முதல் 3 டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை தவறிவிடும். கருவிழியைத் தொட்டு ஒலியலையால் அளக்கும் ஏ-ஸ்கேனில் கருவியைக் கொஞ்சம் அழுத்திவிட்டாலே கண் குட்டையாகப் பதிவாகும். அதனால் தேவைக்கு மேல் பவருள்ள லென்ஸ் தேர்வாகி, தூரப் பார்வை மங்கும். தொடாமல் ஒளியால் அளக்கும் கருவி இருக்கும் இடத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள். முற்றிய புரையை அந்த ஒளி ஊடுருவாது என்பதால், காத்திருந்தவர்கள் இந்த வசதியையும் இழக்கிறார்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் நாள் வரை போட்டுக்கொண்டு வருவது பெரிய தவறு. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே அமுக்கி மாற்றிவிடும். மென்மையான லென்ஸ் என்றால் 1 முதல் 2 வாரமும், கடினமான லென்ஸ் என்றால் 3 வாரமோ அதற்கு மேலுமோ நிறுத்த வேண்டும். கண் வறட்சி இருந்தால் அளவு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும். அப்படி வந்தால் முதலில் வறட்சிக்குச் சிகிச்சை, பிறகு மறுபடி அளவு.

இளம் வயதில் கண்ணாடியைத் தவிர்க்க லாசிக் செய்துகொண்டவர்கள் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. மைனஸ் பவருக்காக லாசிக் செய்தவர் என்றால், வழக்கமான கணக்கு முறைகள் கருவிழி பவரைக் கூட்டிக் காட்டும். விளைவாகக் குறைந்த பவர் லென்ஸ் தேர்வாகி, தூரமும் கிட்டமும் இரண்டும் தெளியாமல் நிற்கும். லாசிக்குக்கு முந்தைய பவர் சீட்டு எந்தப் பெட்டியின் அடியில் கிடந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் சரியாக நடந்தாலும் 0.5 டையாப்டர் முன்னே பின்னே போவது இயல்பு.

விலைப் பட்டியலைப் பார்த்து லென்ஸ் தேர்வது

1949இல் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸை ஒரு கண்ணுக்குள் வைத்தார். போர் விமானத்தின் பிளாஸ்டிக் மேற்கூரைத் துண்டுகள் விமானிகளின் கண்ணில் தெறித்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதைப் பார்த்து வந்த யோசனை அது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, வெளிநாட்டு விலை கொடுக்க முடியாதவர்களுக்கும் லென்ஸ் கிடைத்தது. இதை இங்கே சொல்லக் காரணம், விலை கூடிய லென்ஸ்தான் நல்ல பார்வை தரும் என்ற நினைப்பு வீடுகளில் ஆழமாக இருப்பதுதான். அப்பாவுக்கு இருப்பதிலேயே உசத்தியானதை வையுங்கள் என்று பிள்ளைகள் பாசத்தோடு சொல்கிறார்கள். அந்த உசத்தி லென்ஸ் அப்பாவின் கண்ணுக்கு ஒத்துப்போகுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

ஒரே தூரத்துக்கான மோனோஃபோக்கல் லென்ஸ் மிகத் தெளிவான, கூச்சம் குறைந்த பார்வை தரும். வழக்கமாகத் தூரத்துக்கு வைப்பார்கள். படிக்க +2.50 அளவில் கண்ணாடி வேண்டியிருக்கும். நாள் முழுக்கத் தையல், நகை வேலை, கணக்கு நோட்டு என்று இருப்பவர்கள் கிட்டத்துக்கு வைக்கச் சொல்லி, தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். காலமெல்லாம் மைனஸ் பவரோடு இருந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் படித்துப் பழகியவருக்கும் இது பொருந்தும். அவரிடம் கேட்காமலே தூரத்துக்கு வைத்துவிட்டால், தூரம் தெளிவாகத் தெரிந்தாலும் கையில் உள்ள மாத்திரை அட்டையைப் படிக்க முடியவில்லையே என்று வருந்துவார். இப்படி வேறு வழி இருக்கிறது என்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

மல்டிஃபோக்கல், டிரைஃபோக்கல் லென்ஸ்கள் உள்ளே வரும் ஒளியை இரண்டு மூன்று தூரங்களுக்குப் பங்கிடும். பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையத்தான் செய்யும். மங்கிய வெளிச்சத்தில் பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு மழுங்கும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். இரவில் லாரியோ டாக்ஸியோ ஓட்டுபவர், கண் நீர் அழுத்த நோய் உள்ளவர், சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டவர், விழித்திரையின் நடுப்பகுதியில் தேய்மானம் உள்ளவர், கண் வறட்சி கடுமையாக உள்ளவர் ஆகியோருக்கு இந்த லென்ஸ் பொதுவாகப் பொருந்தாது. கண் நன்றாக இருந்து, கண்ணாடி போடவே பிடிக்காமல், இரவில் கொஞ்சம் வளையம் தெரிந்தால் பரவாயில்லை என்று மனதார ஏற்பவருக்கு இது நல்ல தேர்வு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது இடாஃப் லென்ஸ். தூரத்தோடு கம்ப்யூட்டர் தூரமும் தெரியும், வளையம் குறைவு, பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு திசைக்குத் திசை மாறுவதால் வருவது) இருப்பவருக்கு அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ். கருவிழியில் 1 டையாப்டருக்கு மேல் சிலிண்டர் இருந்தால் இதைப் பற்றிக் கேளுங்கள். கண்ணாடியில் எழுதியிருக்கும் சிலிண்டரை வைத்து முடிவெடுக்கக்கூடாது. அதில் ஒரு பகுதி புரை பிடித்த லென்ஸிலிருந்து வருவது, லென்ஸை எடுத்தால் அதுவும் போய்விடும். டோரிக் லென்ஸைச் சரியான கோணத்தில் வைக்க வேண்டும். 1 டிகிரி திரும்பினால் சுமார் 3 சதவீதப் பலன் போகும், 30 டிகிரி திரும்பினால் ஒன்றும் மிஞ்சாது. படுக்கும்போது கண் லேசாகச் சுழலும் என்பதால், கண்ணில் குறியிடும்போது நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள், அதிக மைனஸ் பவர் உள்ளவர்கள் லென்ஸ் பேச்சுக்கு முன் விழித்திரையைச் சோதித்துக்கொள்வது அவசியம். விலை கூடிய லென்ஸ் போடுபவர் யாராக இருந்தாலும் விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. புரையின் பின்னால் மறைந்திருந்த கோளாறு பிறகு வெளிப்பட்டால், பழி லென்ஸ் மேல்தான் விழும்.

பேக்கோவின் சிறிய கீறல் வழியாக மடித்துச் செலுத்த முடியாத லென்ஸ் என்றால் பழைய சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். 6 முதல் 7 மில்லிமீட்டர் கீறலில் தையலில்லாமல் செய்யும் சிறுகீறல் அறுவைக்கு அது பொருத்தமானது. கல்லாகிப்போன புரைக்குப் பல சமயம் பேக்கோவைவிட இந்த முறையே பத்திரம். லேசர் ஆபரேஷன் என்று தனிக் கட்டணம் கேட்டால், எந்தப் படியை லேசர் செய்கிறது என்று கேளுங்கள். கீறுவதையும் உறையைத் திறப்பதையும் லென்ஸைத் துண்டாக்குவதையும் லேசர் செய்யும். துண்டுகளை வெளியே எடுப்பது வழக்கமான பேக்கோ கருவிதான். திறமையான கையால் செய்த பேக்கோவைவிட இதில் பார்வை கூடுதலாகத் தெளியும் என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டியதில்லை.

சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவது

புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்கள் ஏராளம். சிறுநீர் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அந்த மருந்து பாவையைச் சுற்றியுள்ள கருந்திரையைத் தொளதொளப்பாக்கி, அறுவையின் நடுவில் பாவையைச் சுருங்க வைக்கும். முன்னமே தெரிந்தால் பாவையை விரித்துப் பிடிக்கும் வளையமோ கொக்கியோ தயாராக இருக்கும். மாத்திரையை நிறுத்திப் பல மாதம் ஆனாலும் பாதிப்பு இருக்கக்கூடும் என்பதால், எப்போதோ சாப்பிட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்யும் அறுவைக்குப் பெரும்பாலும் அதை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால் இதயத்துக்குத்தான் ஆபத்து.

விடாத இருமல் இருந்தாலோ, மூச்சிரைப்பால் 20 நிமிடம் மல்லாந்து படுக்க முடியாவிட்டாலோ அதையும் முதல் நாளே சொல்லுங்கள். அறுவையன்று காலை மை, திருநீறு, குங்குமம் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

சொட்டு மருந்தில் இரண்டு விதத் தவறு நடக்கிறது. சிவப்பு மறைந்து கண் வெள்ளையாகிவிட்டது என்று 10 நாளில் நிறுத்துவது ஒன்று. உள் அழற்சி மறுபடி கிளம்பும். நன்றாக இருக்கிறதே என்று மருந்துக் கடையில் அதே ஸ்டீராய்டு சொட்டை வாங்கி மாதக்கணக்கில் விடுவது இன்னொன்று. கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். பொதுவாக 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். சீட்டில் எழுதியபடியே விடுங்கள். இரண்டு மருந்துகளுக்கு நடுவே 5 நிமிட இடைவெளி வேண்டும். பாட்டில் நுனி இமையில் படக்கூடாது. இரவில் கண் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுத் தூங்குங்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை மருத்துவர் சொல்லும் வரை தள்ளிவையுங்கள். அதுவரை கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

முதல் நாள் உறுத்துவதும் நீர் வடிவதும் இயல்பு. தெளிந்த பார்வை மறுபடி மங்கினால், வலி கூடினால், சிவப்பு ஏறினால், அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததாக இருக்கலாம். பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வரும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். விடியட்டும், ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்று இருந்தால் கண் போய்விடும். மின்னல் போல் ஒளி தெரிவது, கருந்துகள்கள் பறப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை விழித்திரை விலகலின் குறிகள். அதற்கும் அன்றே போக வேண்டும்.

புதுக் கண்ணாடியை 4 முதல் 6 வாரம் கழித்து வாங்குங்கள். ஒரு கண் முடிந்து மறு கண் பாக்கி இருக்கும் நாட்களில் இரு கண்ணின் பவரும் ஒத்துப்போகாமல் படி இறங்கும்போது தடுமாறும். கைப்பிடியைப் பிடித்தே இறங்க வேண்டும்.

சில மாதமோ வருடமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், புரை திரும்பிவிட்டது, லென்ஸ் கெட்டுவிட்டது என்று அலற வேண்டாம். எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் உறையின் பின்பக்கம் படலம் படிந்திருக்கும். யாக் லேசரால் சில நிமிடத்தில் நடுவே ஒரு துளை போட்டால் சரியாகும். ஆனால் மல்டிஃபோக்கல் வைத்து ஆரம்பத்திலிருந்தே திருப்தி இல்லாதவர்கள் அவசரப்பட்டு இந்த லேசரைச் செய்துகொள்ளக்கூடாது. உறையில் துளை விழுந்த பிறகு லென்ஸை மாற்றுவது மிகவும் சிக்கலாகிவிடும். முதலில் காரணம் லென்ஸா, படலமா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள்.

அப்படி மாற்ற வேண்டி வந்தாலும், மறு கண்ணுக்கு லென்ஸ் தேர்வதானாலும் மருத்துவர் முதலில் கேட்பது, உள்ளே இருப்பது எந்த லென்ஸ் என்பதைத்தான். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையில் லென்ஸின் மாடல், பவர், வரிசை எண் மூன்றும் ஒட்டப்பட்டிருக்கும். அதை ஃபோனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவைத்துவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலேயே அட்டையையும் வையுங்கள்.