பாஸ்போலிப்பேஸ் ஏ2 வழியாகச் செல்லுக்குச் சேதி போவது எப்படி? ஒரே தாளில் வரைந்து பழகலாம்

ஒரு தாள், பென்சில், சிவப்புப் பேனா போதும். செல்லிலிருந்து வெளியே சுரக்கப்படும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியின் வேலையைப் படிப்படியாக வரைவோம். நொதி தானே சேதியைச் சுமந்து வருவதில்லை. சேதிக்கான மூலப்பொருள் சவ்வில் ஏற்கெனவே இருக்கிறது, நொதி அதை வெட்டி விடுவிக்கிறது. இதை மனதில் வைத்து வரையுங்கள்.

படி 1: தாளின் நடுவே செல் சவ்வு. இரண்டு அடுக்கு பாஸ்போலிபிட் (சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறு), ஒவ்வொன்றுக்கும் கொழுப்பு அமிலத்தாலான இரண்டு வால். வால்களைத் தாங்கும் கிளிசராலின் நடுக் கார்பனில் தொங்கும் வாலுக்குச் சிவப்பு அடியுங்கள். 20 கார்பன் கொண்ட அராக்கிடோனிக் அமிலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 2: சவ்வுக்கு வெளியே நொதிக்கு ஒரு சிறு வட்டம், அருகில் 'கால்சியம்'. இந்த நொதிக்கு மில்லிமோலார் அளவில் கால்சியம் வேண்டும். செல்லுக்கு வெளியே அது உண்டு. உள்ளேயோ ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

படி 3: சிவப்பு வாலை வெட்டுங்கள். கிடைப்பவை இரண்டு: கொழுப்பு அமிலம், ஒற்றை வாலுள்ள லைசோபாஸ்போலிபிட்.

படி 4: இரண்டிலிருந்தும் அம்பு போடுங்கள். அராக்கிடோனிக் அமிலத்தை சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி மாற்ற, அடுத்த கட்டத்தில் புராஸ்டகிளாண்டின் ஈ2 என்ற சேதி மூலக்கூறு உருவாகும். அது செல் சவ்விலுள்ள ஈபி4 ஏற்பியில் (சேதியை வாங்கும் புரதம்) அமர்ந்தால், செல்லுக்குள் சேதியைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடும். மற்றொன்றான லைசோபாஸ்போலிபிடை ஆட்டோடாக்சின் என்ற நொதி லைசோபாஸ்பாடிடிக் அமிலமாக்கும். அதற்கும் தனி ஏற்பிகள் உண்டு. செல் நகர்வதும் பெருகுவதும் அவற்றால் தூண்டப்படும். பல படங்களில் இந்த இரண்டாவது அம்பே இருக்காது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

படி 5: எந்தச் சவ்வு? எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இந்த நொதியில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் வெட்டும் சவ்வு வேறு. நலமான செல்லின் வெளி அடுக்கில் பாஸ்பாடிடைல்கோலின் என்ற பாஸ்போலிபிட் நிறைய. பத்தாம் வகை நொதி அதை எளிதில் வெட்டும். 2ஏ வகைக்கு எதிர்மின்சுமையுள்ள லிபிட்களே பிடிக்கும். நலமான செல்லை அது பெரும்பாலும் தொடாது. சாகும் செல்லில், எதிர்மின்சுமையுள்ள பாஸ்பாடிடைல்செரின் என்ற லிபிட் உள் அடுக்கிலிருந்து வெளிப்பக்கம் புரளும்போது வெட்டும். பாக்டீரியச் சவ்வையும் வெட்டும்; நம் கண்ணீரில் இருந்துகொண்டு கிருமிகளைக் கொல்வது இந்த 2ஏதான். முடக்குவாத மூட்டு நீரிலும் இது மிகுந்திருக்கும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் நஞ்சிலும் இதே குடும்பத்து நொதிகள் உண்டு.

படம் சரிதானா என்று பார்க்க, ஆஸ்பிரின் எங்கே தடுக்கும் என்று குறியுங்கள். சைக்ளோஆக்சிஜனேஸ் அம்பு அறுபடும், லைசோ அம்பு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து, பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியையே தடுக்கும் வாரெஸ்பிளாடிப் மருந்தைப் படி 3இல் வையுங்கள். இரண்டு அம்புகளுமே அங்கே நின்றுவிட வேண்டும்.